எல்லாக் கோளாறுக்கும் ஒரே கறுப்புத் திரையா?

லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடுது. பிங் போகுது. ரிமோட் டெஸ்க்டாப்ல நுழைஞ்சா விண்டோஸ் முழுசா பூட் ஆகி உட்கார்ந்திருக்கு. ஆனா பாஸ்த்ரூ பண்ணின, அதாவது அந்த மெஷினுக்கே நேரடியா ஒதுக்கிக் குடுத்த கிராபிக்ஸ் கார்டுல மாட்டின மானிட்டர் மட்டும் "நோ சிக்னல்"னு காட்டிட்டு அணைஞ்சு போகுது. ஏன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்லை. கோளாறு வரட்டும், கம்ப்யூட்டர்னா வரத்தான் செய்யும். பத்து விதக் கோளாறுக்கும் ஒரே கறுப்புத் திரைதான்னா மனுஷன் எங்கேருந்து தேட ஆரம்பிக்கிறது?

இப்படிக் கார்டை ஒதுக்கிக் குடுக்க உதவுற விஎஃப்ஐஓ (VFIO) லினக்ஸ் கெர்னல் 3.6லயே, அதாவது 2012லயே வந்தாச்சு. அதை எழுதினவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கார்டை ஹோஸ்ட்கிட்டேருந்து (நிஜக் கம்ப்யூட்டர்) பிரிச்சு கெஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்) கையில குடுக்கிற வேலையை அது ஒழுங்காத்தான் செய்யுது. என் கோபமெல்லாம் ஹார்டுவேர் விக்கிறவங்க மேல.

மதர்போர்டையே எடுத்துக்குங்க. எந்த டிவைஸ் எந்த மெமரியைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற ஐஓஎம்எம்யூ (IOMMU), டிவைஸ்களைக் குரூப் குரூப்பாத்தான் பிரிக்கும். ஒரே குரூப்ல இருக்கிற டிவைஸ்களை ஹோஸ்டுக்குப் பாதி, கெஸ்டுக்குப் பாதின்னு பங்கு போட முடியாது. கார்டு இருக்கிற குரூப்லயே டிஸ்க்கை இயக்குற சாட்டா கன்ட்ரோலரும் லேன் சிப்பும் வந்து விழுந்தா அதோட சரி. இவ்வளவு முக்கியமான விஷயத்தை வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது பெரும்பாடு. நான் வாங்கின போர்டோட மேனுவல்ல கலர் லைட்டுக்குப் பக்கம் பக்கமா விளக்கம் இருக்கு, இதுக்கு ஒரு வரி கிடையாது. ஏசிஎஸ் ஓவர்ரைடுங்கிற கெர்னல் பேட்ச் (திருத்தம்) போடுன்னு அறிவுரை வரும். அது குரூப்பைப் பிரிச்ச மாதிரி காட்டும், அவ்வளவுதான். நிஜமான தடுப்பு எதுவும் உள்ள வந்துடாது. அதனாலதான் அதை மெயின் கெர்னல்ல சேர்க்கவே இல்லை.

அடுத்து பூட் ஆகிற கார்டு. பயாஸ் எந்தக் கார்டுல படம் காட்டுதோ, அந்தக் கார்டோட மெமரியில ஹோஸ்டோட ஃப்ரேம்பஃபர் (திரைப் படத்தை வச்சிருக்கிற இடம்) ஏறி உட்கார்ந்துக்கும். கெஸ்டைக் கிளப்பினா பார் (BAR, கார்டோட மெமரி முகவரிப் பகுதி) ரிசர்வ் பண்ண முடியலைன்னு ஹோஸ்ட் லாக் ரொம்பி வழியும், திரையில ஒண்ணும் வராது. கார்டோட ரோம் (ROM) ஃபைலைத் தனியா எடுத்துக் குடுக்க வேண்டி வரும். எந்தக் கார்டு முதல்லன்னு தேர்ந்தெடுக்க பயாஸ்ல ஒரே ஒரு ஆப்ஷன் இருந்தா இந்தப் பாடு பாதி குறையும். அதைக்கூட வைக்காத போர்டுகள் எத்தனை!

கார்டு கம்பெனிகளும் சளைச்சவங்க இல்லை. என்விடியாவோட ஜீஃபோர்ஸ் டிரைவர், விர்ச்சுவல் மெஷினுக்குள்ள இருக்கோம்னு கண்டுபிடிச்ச நிமிஷமே முன்னாடியெல்லாம் எரர் 43 காட்டி நின்னுடுச்சு. விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற லினக்ஸோட கேவிஎம் (KVM) இருக்கிறதையே மறைச்சு வச்சாத்தான் ஓடுச்சு. 2021ல ஆர்465 டிரைவர் வந்த பிறகுதான் என்விடியா அதிகாரபூர்வமா அனுமதிச்சது. அதுவரைக்கும் காசு குடுத்து வாங்கின கார்டைத் திருடன் மாதிரி ஒளிச்சு ஓட்டினோம்.

ஏஎம்டி பக்கம் ரீசெட் பிரச்சினை. போலாரிஸ், வேகா, முதல் நவி கார்டுகள்ல பலது முதல் தடவை அருமையா ஓடும். கெஸ்டை ஷட்டவுன் பண்ணி மறுபடி கிளப்பினா கறுப்புத் திரை. கார்டு பழைய நிலையிலேயே மாட்டிக்கிட்டு நிக்கும். ஹோஸ்டையே ரீபூட் பண்ணணும், அதுல ஓடுற மத்த வேலையெல்லாம் நாசம். ஃபங்ஷன் லெவல் ரீசெட்னு, கார்டு மாட்டுற பிசிஐஇ (PCIe) தரத்துலயே ஒரு வழி இருக்கு. கம்பெனி அதை ஒழுங்கா செஞ்சு தரலை. வெளியில இருக்கிறவங்க வெண்டார்-ரீசெட்னு ஒரு மாட்யூல் எழுதித்தான் பல பேரோட கார்டு பிழைச்சது. சம்பளம் வாங்காதவங்க செய்ய வேண்டிய வேலையா இது?

இந்தக் குழப்பத்துல மாட்டினவங்க தயவுசெஞ்சு எடுத்ததும் விர்ச்சுவல் மெஷினோட செட்டிங் இருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைல்ல கை வைக்காதீங்க. இன்னொரு மெஷின்லேருந்து எஸ்எஸ்ஹெச்ல ஹோஸ்டுக்குள்ள போய் டிமெசேஜை (dmesg, கெர்னலோட லாக்) படிங்க. கார்டு விஎஃப்ஐஓ டிரைவர்ல கட்டியிருக்கா, அதோட ஹெச்டிஎம்ஐ ஆடியோவும் கூடப் போயிருக்கான்னு பாருங்க. கெஸ்ட்ல கியூஎக்ஸ்எல் மாதிரி போலி டிஸ்ப்ளே மிச்சம் இருந்தா விண்டோஸ் லாகின் திரையை அங்க காட்டிட்டு இருக்கலாம். நீங்க நல்லா இருக்கிற கார்டைப் போட்டு உருட்டிட்டு இருப்பீங்க.

கம்பெனிக்காரங்ககிட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. ஐஓஎம்எம்யூ குரூப் பட்டியலை மேனுவல்ல போடுங்க. பயாஸ்ல அந்த ஆப்ஷனை வைங்க. ரீசெட்னு சொன்னா ரீசெட் ஆகிற கார்டை வில்லுங்க.