ஒரு கிலோ லேப்டாப்: அந்த எடை எதில் குறைந்தது?

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, எடை கம்மியா ஒரு லேப்டாப் சொல்லுங்க, ஒண்ணேகால் கிலோவுக்குள்ள இருந்தா நல்லது." ஆளுக்கொரு பதிலாக எழுதுவதைவிட என் கருத்தை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால், அதன் எடையை எதில் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேல்கூட்டின் உலோகத்தில் குறைத்திருந்தால் தாராளமாக வாங்கலாம். பிறகு காசு கொடுத்தாலும் சேர்க்க முடியாத ஒன்றில் கை வைத்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எடை ஒரு பொருட்டே இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவள். இரண்டரைக் கிலோ லேப்டாப், அதன் சார்ஜர், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பார்த்தால்தான் அரைக் கிலோ என்பது எவ்வளவு பெரியது என்று புரியும். விடுதியிலிருந்து வகுப்புக்கும் லேபுக்கும் நடக்கிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எடை குறைவாக வேண்டும் என்று கேட்பது சொகுசு இல்லை.

சரி, ஒரு லேப்டாப்பில் எடை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி நான்கு இடங்களில்: மேல்கூடு, பேட்டரி, திரை, வெப்பத்தை வெளியேற்றும் செம்புக் குழாய்களும் ஃபேனும். ஒரு ராம் பட்டை (ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) பத்து கிராம் அளவுதான். கோப்புகளைச் சேமிக்கும், கழற்றி மாட்டக்கூடிய சிறிய எஸ்.எஸ்.டி. அதற்கும் குறைவு. புரொஜெக்டர், டி.வி.யில் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் சில கிராம். ஆக, "எடை குறைக்கத்தான் போர்ட்டை எடுத்தோம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போர்ட் போனது பெரும்பாலும் தடிமனைக் குறைப்பதற்காக. மெல்லிசாக இருப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தோளுக்குத் தடிமன் தெரியாது, எடைதான் தெரியும். விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழக்கிவிட்டன.

போர்ட்டுகளை வைத்துக்கொண்டே எடையைக் குறைக்க முடியும் என்று காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். நெரிசலான ரயிலில் தினமும் அலுவலகம் போகிறவர்கள் அதிகம் உள்ள நாடு, அதனால் அங்கே இது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. 2012-ல் என்.இ.சி. நிறுவனம் லாவி இசட் என்ற 13.3 அங்குல லேப்டாப்பை 875 கிராமில் கொண்டுவந்தது. மக்னீசியத்தோடு லித்தியம் கலந்த உலோகத்தைக் கூட்டில் பயன்படுத்தியதுதான் அதன் ரகசியம். அலுமினியத்தைவிட மக்னீசியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லேசு, லித்தியம் சேர்ந்தால் இன்னும் லேசு. அப்புறம் 2017 தொடக்கத்தில் நடந்ததை நான் ரசித்துப் படித்தேன். ஃபுஜிட்சு தன் லேப்டாப் 777 கிராம் என்று அறிவிக்கிறது. பின்னாலேயே என்.இ.சி. 769 என்கிறது. விற்பனைக்கு வருவதற்குள் ஃபுஜிட்சு தன் கணக்கைத் திருத்தி 761 என்று வந்து நிற்கிறது. வெறும் எட்டு கிராமுக்காக இரண்டு பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 2018-ல் ஃபுஜிட்சு 698 கிராமுக்கு வந்தது, 2020-ல் 634.

அந்த 634 கிராம் இயந்திரத்தில் எச்.டி.எம்.ஐ. இருக்கிறது. பழைய யு.எஸ்.பி. போர்ட்டும் புதிய சி வகையும் இருக்கின்றன. எஸ்.டி. கார்டு மாட்டலாம். வயர் வழியாக இணையம் தரும் லேன் கேபிள் சொருகும் இடம்கூட உண்டு, அதுவும் வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்கிற மாதிரி. லேன் வயரை இன்னும் நம்பியிருக்கும் அலுவலகங்கள் அங்கே நிறைய என்பதால் அதில் அவர்கள் கை வைக்கவில்லை. பயன்படுத்துகிறவரின் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துச் செய்த வடிவமைப்பு அது. எனக்கு அந்த அணுகுமுறை மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அதிலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இருக்கிறார்கள்: பேட்டரி. வெறும் 25 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு). சாதாரண மெல்லிய லேப்டாப்புகளில் 50 முதல் 70 வரை பார்க்கலாம். டைப் செய்வது, இணையத்தில் படிப்பது போன்ற வேலைக்கு லேப்டாப் சராசரியாக 7 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 வாட்-அவர் மூன்றரை மணி நேரம் வரும், 50 என்றால் ஏழு மணி நேரம். இந்தக் கணக்கு யாருக்கும் புரியும். பலர் யோசிக்காதது அடுத்த கணக்கு. பேட்டரியின் ஆயுளை எத்தனை முறை முழுசாகக் காலியாகி நிறைகிறது என்பதை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒரே வேலையைச் செய்தாலும் சின்ன பேட்டரி இரண்டு மடங்கு வேகமாக அந்தச் சுற்றுகளைத் தீர்த்துவிடும். முதல் நாளே பாதி, இரண்டு வருடம் போனால் அந்தப் பாதியிலும் குறை. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

50 வாட்-அவர் பேட்டரி 200 முதல் 250 கிராம் இருக்கும். அந்த எடையை நான் மனமாரச் சுமப்பேன். பெரிய திரையும் பெரிய பேட்டரியும் வைத்துக்கொண்டே லேசாக இருக்க முடியும் என்பதற்கு எல்ஜி நிறுவனத்தின் "கிராம்" என்ற லேப்டாப் வரிசை நல்ல உதாரணம். 2019-ல் வந்த 17 அங்குல மாடல் 1.34 கிலோ, பேட்டரி 72 வாட்-அவர். கடையில் அதை அழுத்திப் பார்த்துவிட்டு "பிளாஸ்டிக் மாதிரி வளையுதே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது மக்னீசியக் கலவை. லேசான உலோகத்தை மெல்லிய தகடாக அடித்தால் கொஞ்சம் வளையத்தான் செய்யும். வளைவது வேறு, உடைவது வேறு. கனமாக, கெட்டியாக இருந்தால்தான் உசத்தி என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டால், இந்த வகை லேப்டாப்புகள்தான் நியாயமான பேரம்.

நேர்மாறான வழியில் போனது ஆப்பிள். 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ, ஒரே ஒரு யு.எஸ்.பி., சி.டி. டிரைவ் கிடையாது, லேன் கிடையாது. அப்போது அது அவசரம் போலத் தெரிந்தாலும், சி.டி. விஷயத்தில் காலம் அவர்கள் பக்கம் நின்றது. அந்தத் தைரியம் 2015-ல் அளவு மீறியது. 12 அங்குல மேக்புக், 920 கிராம், சார்ஜ் ஏற்றவும் பென்டிரைவ் சொருகவும் புரொஜெக்டரில் இணைக்கவும் ஒரே ஒரு சி வகை போர்ட். 2016-ல் மேக்புக் ப்ரோவிலிருந்தும் எச்.டி.எம்.ஐ., எஸ்.டி. கார்டு இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 2021-ல் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த 14 அங்குல மாடல் முந்தைய 13 அங்குலத்தைவிடக் கனம், எடை 1.6 கிலோ. அதற்காக யாரும் அதை வாங்காமல் இருந்துவிடவில்லை.

வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இந்த போர்ட் விவகாரம் எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். போகிற அரங்கில் எச்.டி.எம்.ஐ. இருக்கும், சில இடங்களில் இன்னும் பழைய நீல நிற வி.ஜி.ஏ. வயர்தான். கையில் டாங்கிள் (ஒரு வகை போர்ட்டை இன்னொரு வகையாக மாற்றித் தரும் சின்ன இணைப்பான்) இல்லை என்றால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, ஆபீஸ் ரூமுக்கு ஆள் அனுப்பித் தேடச் சொல்ல வேண்டும். டாங்கிள் விலையும் எடையும் லேப்டாப் பெட்டியின் மேல் எழுதப்படுவதில்லை. என் கணக்கில் அவையும் லேப்டாப்பின் விலை, லேப்டாப்பின் எடைதான்.

மெல்லிசுக்காகக் கீபோர்டில் கை வைத்ததும் அதே காலத்தில்தான். 2015-ல் வந்த பட்டாம்பூச்சி வகைக் கீபோர்டில் ஒரு தூசி புகுந்தால் எழுத்து விழாது, இல்லை இரண்டு முறை விழும். 2018-ல் ஆப்பிளே இலவசப் பழுதுநீக்கும் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது, அமெரிக்காவில் வழக்கு 2022-ல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இதில் எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். ஒரு பட்டன் பழுதுக்கு, பேட்டரியோடு ஒட்டிய மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்ற அமைப்பு அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. வாங்குமுன் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள சர்வீஸ் சென்டரில் கீபோர்டு மாற்ற என்ன ஆகும், பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று விலை கேட்டுவிடுங்கள்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. பிராசசர் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பிராசசர் மெல்லிய கூட்டில் ஒரு மாதிரியும், ஃபேன் உள்ள கூட்டில் வேறு மாதிரியும் ஓடும். 2020-ல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் 1.29 கிலோ, ஃபேன் இல்லை. அதே சிப் உள்ள 13 அங்குல ப்ரோ 1.4 கிலோ, ஃபேன் உண்டு. சின்ன வேலைகளில் இரண்டும் ஒன்றுதான். நீளமான வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது ஏர் கொஞ்ச நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுதுகிற, படிக்கிற, புரோகிராம் எழுதிப் பழகுகிற பிள்ளைக்கு ஃபேன் இல்லாத சத்தமில்லாத லேப்டாப் வரம். எடிட்டிங், கேட் (கணினியில் பொறியியல் வரைபடம் போடுவது), முப்பரிமாண வேலை படிக்கிறவர்களுக்கு ஃபேன் வேண்டும், நல்ல ஃபேன்.

இப்போது ராம். பட்டனும் போர்ட்டும் தொல்லைதான், ஆனால் சமாளித்துவிடலாம். மதர்போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்த 8 ஜி.பி. ராமைச் சமாளிக்க வழியே இல்லை. நான்கு வருடப் படிப்புக்கு வாங்குகிற லேப்டாப் மூன்றாம் வருடத்தில் திணறும், அப்போது வேறு லேப்டாப்தான். இதில் நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் எல்பிடிடிஆர் வகை ராம், பிராசசருக்கு மிக அருகில் சால்டர் செய்தால்தான் ஒழுங்காக ஓடும் என்பதுதான் வெகுநாள் இருந்த நிலை. பேட்டரி கூடுதல் நேரம் வருவதில் அதற்கும் பங்குண்டு. இன்டெல் 2024-ல் கொண்டுவந்த லூனார் லேக் என்ற பிராசசர் வகையில் ராம் பிராசசரோடே ஒட்டி வருகிறது, அதிகபட்சம் 32 ஜி.பி. ஆனால் வேறு வழியும் இருக்கிறது. ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021-ல் 1.3 கிலோவில் ஒரு லேப்டாப் செய்தது. ராம், எஸ்.எஸ்.டி., பேட்டரி, கீபோர்டு, போர்ட்டுகள் என்று எல்லாவற்றையும் ஒரு திருப்புளியை வைத்து நாமே மாற்றலாம். நம் ஊர்க் கடைகளில் நான் அதைப் பார்த்ததில்லை. எல்பிடிடிஆர் ராமையே கழற்றி மாட்டும்படி செய்யும் எல்பிகேம்2 என்ற அமைப்பும் வந்துவிட்டது, லெனோவோ 2024-ல் திங்க்பேட் பி1-ல் அதைப் போட்டது. அது 1.8 கிலோ வகை. ஒன்றேகால் கிலோ லேப்டாப்புகளுக்கும் அது வர வேண்டும் என்று வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும். கேட்காத வரை எந்த நிறுவனமும் தானாக முன்வராது.

அதுவரை என் யோசனை இதுதான். படிக்கிற பிள்ளைக்கு 1.2 முதல் 1.4 கிலோ, 16 ஜி.பி. ராம், 50 வாட்-அவருக்குக் குறையாத பேட்டரி, ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட். பட்ஜெட்டுக்குள் இவை எல்லாம் அமையவில்லை என்றால் எடையை 1.5, 1.6 வரை விட்டுக்கொடுங்கள், ராமை விட்டுக்கொடுக்காதீர்கள். டச் ஸ்கிரீன் கண்டிப்பாக வேண்டும் என்றில்லாவிட்டால் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கண்ணாடி நூறு கிராம் வரை சேர்க்கும். சார்ஜரைக் கையில் வாங்கிப் பாருங்கள். சி வகையில் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் உள்ளங்கையில் அடங்கும் 65 வாட் சார்ஜர் போதும், பழைய செங்கல் வகை வயரோடு சேர்த்து 300, 400 கிராம் வந்துவிடும்.

யோசித்து வைத்திருக்கும் மாடல் பெயரையும் என்ன படிப்பு, எப்படிப் பயணம் என்பதையும் கீழே எழுதுங்கள். ஒரே பெயரில் ராம் அளவும் பேட்டரியும் மாறி மாறி வருகின்றன என்பதால், முடிந்தால் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரத்தின் படத்தையும் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.