கை கழுவாத ஓசிடி

சேலத்தில் மனநல ஆலோசனை மையங்களுக்குப் பஞ்சமில்லை. ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோலச் செய்யவைக்கும் மனநோய். நான் பேசிப் பார்த்த ஆலோசகர்கள் பலருக்கு ஓசிடி என்றால் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். இரண்டும் இல்லாதவர் வந்தால் ‘டென்ஷன்’ என்று சொல்லி மூச்சுப்பயிற்சி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

என் சித்தப்பா மகன் ஏற்காட்டுக்கு வேன் ஓட்டுகிறான். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் போதும், ஆளை ஏற்றிவிட்டோமோ என்று நெஞ்சை அடைக்கும். சவாரியை இறக்கிவிட்டு டார்ச் விளக்கோடு திரும்பப் போவான். பள்ளத்தில் எட்டிப் பார்ப்பான். வெள்ளைத் துணியால் பம்பரைத் துடைத்து, துணியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பான். இரவு படுத்தபடியே ஒவ்வொரு வளைவாக மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பான். இந்தக் கடைசிச் சடங்கு மட்டும் யார் கண்ணிலும் படாது. கேட்டால்தான் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

சித்தி கோட்டை மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டினார். ஓர் ஆலோசகரோ, “நீ யாரையும் ஏற்றவில்லை தம்பி, நான் உறுதியாகச் சொல்கிறேன்” என்றார். அந்த நிம்மதி மாடிப்படி இறங்கும்வரைகூட நிற்கவில்லை. கீழே வந்ததும் அவருக்கே போன் செய்து அதையே கேட்டான். உறுதி கேட்பதும் பெறுவதும் இந்த நோயின் தீனி. கயிறு கட்டிய சித்தியை நான் குறை சொல்லமாட்டேன். கட்டணம் வாங்கியவரைச் சொல்வேன்.

பச்சைக் குழந்தையை வெட்டிவிடுவோமோ என்று அஞ்சி அரிவாள்மனையைப் பரணில் ஏற்றும் தாய், கருவறை முன் ஆபாச எண்ணம் வந்து கோயிலுக்கே போகாதவர், எல்லாம் இதே நோயின் முகங்கள். இத்தகைய எண்ணங்கள் நோயில்லாத பெரும்பாலோருக்கும் வந்துபோகின்றன என்று உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978-இல் காட்டினார்கள். அது தெரியாத ஆலோசகர் பதறிப்போய், குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்கிறார். தன் எண்ணத்தைக் கண்டு நடுங்கும் தாயையும், பேறுகாலத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயில் காதில் கேட்கும் குரலை நம்பிவிடும் தாயையும் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. இரண்டாமவருக்கு அன்றே மருத்துவமனை வேண்டும்.

சிகிச்சை புதிதல்ல. பயத்தை நேரில் சந்திக்க வைத்து, சடங்கைத் தடுக்கும் முறையை உளவியலாளர் விக்டர் மேயர் லண்டனில் 1966-இலேயே எழுதிவிட்டார். என் தம்பிக்கு வேறு ஊரில் கிடைத்ததும் அதுதான்: வண்டியைத் திருப்பக் கூடாது, பம்பரைத் துடைக்கக் கூடாது, ஆளை ஏற்றிவிட்டேனா என்று அவன் கேட்டால் வீட்டார் “தெரியாது” என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

இதை ஒரு நாள் பயிலரங்கில், பொன்னாடைக்கும் குழுப்படத்துக்கும் நடுவே கற்றுக்கொள்ள முடியாது. “கடவுளைப் பற்றித் தகாத எண்ணம் வருகிறதா? குழந்தையைப் பற்றி?” என்று நாக்கூசாமல் தமிழில் கேட்கப் பழக வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு பதிவான உரையாடலை, அனுபவசாலி ஒருவர் வாராவாரம் கேட்டுத் திருத்த வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அத்தகையவர்களிடம் காணொளி வழியே மேற்பார்வை பெற எது தடை? தேசிய மனநல ஆய்வு 2015-16-இல் பெரியவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி என்றது. சேலம் மாவட்டத்துக்கு அது பல்லாயிரம் பேர்.

அதுவரை, ஆலோசகரிடம் போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: “மனதுக்குள்ளேயே நடக்கும் சடங்கை எப்படி நிறுத்த வைப்பீர்கள்?” நல்லதையே நினையுங்கள் என்று பதில் வந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் எழுந்துவிடுங்கள்.