எண்களை மேடையில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்

"புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்றால்..." என்று ஒருவர் மைக்கைப் பிடித்தாலே எனக்கு வயிறு எரிகிறது. யார் எடுத்த புள்ளிவிவரம்? எந்த ஆண்டு? யாரை எண்ணினார்கள்? ஒன்றையும் சொல்வதில்லை. "ஓர் ஆய்வு கூறுகிறது", "நாசாவே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பதோடு சரி. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டிவிட்டு நம்ப வேண்டும்.

மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்ற பொய் இல்லாமல் ஒரு பள்ளி ஆண்டு விழா முடிகிறதா? மூளையில் ஒரு சிறு பகுதிக்கு ரத்தம் போகாவிட்டாலே கை கால் விழுந்துவிடுகிறது, பேச்சு போய்விடுகிறது. வேலையே இல்லாத 90 சதவீதம் எங்கே இருக்கிறதாம்? திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்று போகின்றன என்பது இன்னொன்று. தாழ்ந்த சுற்றுப்பாதையில் மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பொருள் நின்றால் கீழே விழுந்துவிடும் என்று அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியருக்குத் தெரியும். அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்.

பேச்சுக்கலை கற்றுக்கொடுப்பவர்களாவது ஒழுங்கா? பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பை மற்றவர் எதைக் கொண்டு ஊகிக்கிறார் என்பதுதான் அங்கே சோதிக்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு அதைத் தேடிப் படிக்கக்கூட நேரமில்லை.

பொய்யான எண்ணைவிட, சரியான எண்ணை வீணடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜனவரியில் ஒரு கல்லூரியில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் தாளைப் பார்த்து, தலையே நிமிராமல், மூச்சுவிடாமல் வாசித்தார்: 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிரிழப்புகள், 4,43,366 பேருக்குக் காயம். அத்தனையும் மத்திய அரசின் அறிக்கையில் உள்ளவை, சரியானவை. மூன்றாவது எண் வருவதற்குள் பின்வரிசை முழுவதும் செல்போனுக்குள் போய்விட்டது. பைக்கில் வந்து இறங்கிய பிள்ளைகள் அவர்கள். யாருக்காக அந்தக் கூட்டமோ, அவர்கள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஐயா, அந்த 1,68,491ஐ 365 நாளுக்கும் 24 மணி நேரத்துக்கும் வகுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மணிக்கு 19 பேர். "ஒன்றரை மணி நேரம் நடக்கும் இந்தக் கூட்டம் முடிவதற்குள், 2022ஆம் ஆண்டுக் கணக்கில், 29 பேர் செத்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றிருக்கலாமே! இறந்தவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாமல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். பத்துக்கு மூன்று பேர். அந்த ஓர் எண் போதும். மற்றதையெல்லாம் அச்சடித்து வாசலில் கொடுத்திருக்கலாம்.

அடுத்து வந்தவர் "தமிழ்நாடுதான் முதலிடம்" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். எதில் முதலிடம்? அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு முதலிடம், உண்மை. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் முதலிடம், நாம் 17,884 பேரோடு இரண்டாவது. நாளுக்கு 49 பேர், ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகள் நிரம்பும் கூட்டம். இது போதாதா உலுக்குவதற்கு? பாதியை விழுங்கிவிட்டு எதற்கு முழக்கம்?

இப்போது இந்த வியாதி பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. பேச்சுப் போட்டியில் புள்ளிவிவரம் இருந்தால் மதிப்பெண் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏழாம் வகுப்புக் குழந்தை ஆறு இலக்க எண்களைச் செய்யுள் போல ஒப்பிக்கிறது. ஓரிடத்தில் தடுக்கினால் அழுகிறது. இலட்சம் என்றால் எத்தனை பேர், தன் ஊரைப் போல எத்தனை ஊர் என்று அந்தக் குழந்தையிடம் ஒருவரும் பேசியதில்லை. நடுவர்களே, மனப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். "இந்த எண் உனக்கு எங்கே கிடைத்தது, தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள்.