ஸ்டான் ஹேன்சனுக்கு முகம் எதற்கு?

கையில் வைத்து விளையாடும் ரெஸ்லிங் கேம்களில் எது பெஸ்ட் என்று கேட்டால், நம்மாட்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி-யில் வந்த ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா என்பார்கள். டென் ஸ்போர்ட்ஸ் பார்த்து, ட்ரம்ப் கார்டு சேர்த்து வளர்ந்த கூட்டம், வேறு பதில் வராது. என் ஓட்டு 2001-ல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஃபயர் ப்ரோ ரெஸ்லிங்குக்கு. 240-க்கு 160 பிக்ஸல் திரை. அதில் கட்டைவிரல் நக அளவுக்கு ஆட்கள். கண், மூக்கு எல்லாம் நாலைந்து புள்ளிகள், அவ்வளவுதான்.

சொந்தமாக வீரரை உருவாக்கும் வசதியை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் இந்தக் குட்டி கேம், பின்னால் வந்த பெரிய கேம்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

ஸ்மாக்டவுன் வகையறாவில் என்ன செய்வோம்? மூக்கை நீட்டுவோம், தாடையை அகலமாக்குவோம், டாட்டூ குத்துவோம், என்ட்ரன்ஸுக்குப் பாட்டும் வாணவேடிக்கையும் வைப்போம். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கிவிட்டு அண்டர்டேக்கரோடு மோதவிட்டால், மணி அடித்த பிறகு அந்த ஆள் கிட்டத்தட்ட மற்ற எல்லாரையும் போலத்தான் சண்டை போடுவான். நாம் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அவனுக்கு உயிர். கீழே வைத்தால் மாடல் மட்டும்தான் மிச்சம். இதில் பிஎஸ்பி-யின் யுஎம்டி வட்டு சுற்றிச் சுற்றி லோடு ஆகும் நேரம் வேறு. ஒரு மேட்ச் ஆரம்பிப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

ஃபயர் ப்ரோவில் தோற்றத்துக்கு ஏதோ ஒரு தலை, ஒரு உடம்பு, கொஞ்சம் நிறம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் வருவதுதான் சங்கதி: 'லாஜிக்' என்று ஒரு பக்கம். கணினி அந்த வீரரை ஆட்டும்போது அவர் எப்படி யோசிக்க வேண்டும் என்பதை நாமே எழுதலாம். எதிராளி இன்னும் தெம்பாக இருக்கிறாரா, பாதி களைத்துவிட்டாரா, துவண்டுவிட்டாரா, கீழே கிடக்கிறாரா, மூலையில் சாய்ந்திருக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். எந்தப் பிடியை எத்தனை சதவீதம் போடுவார் என்று எண்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். பார்க்க ரேஷன் கடைக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மனிதனின் குணத்தை அதில் எழுதிவிடலாம்.

ஸ்டான் ஹேன்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ்காரர், ஜப்பானின் ஆல் ஜப்பான் ரெஸ்லிங் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர். கண் பார்வை மோசம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரிங்குக்குள் வருவார், தூரம் சரியாகத் தெரியாததால் அடி ஒவ்வொன்றும் நிஜமாகவே விழும் என்பார்கள். அவரை உருவாக்க கௌபாய் தொப்பியும் மீசையும் போதுமா? தெம்பான எதிராளியிடமும் பொறுமையாகக் கைப்பூட்டு போடாமல் குத்து, உதை, மிதி என்று இறங்கினால்தான் அவர் ஹேன்சன். பிடி போடும் சதவீதத்தைக் குறைத்து, அடிகளுக்கு அள்ளிக் கொடுத்து, எதிராளி துவண்ட கட்டத்தில் அந்த இடது கை லேரியட்டுக்கு (கையை நீட்டிக் கழுத்தில் அறையும் அடி) பெரும்பங்கை ஒதுக்கினேன். தலைக்கு ஏதோ ஒரு தலை. ஆட விட்டால் அச்சு அசல் அவரேதான். முகம் தேவைப்படவே இல்லை.

இன்னொருவன் முழுக்க என் கற்பனை. எதிராளி விழுந்து கிடந்தால் மேலே போய் அடிக்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி அலட்டுவான், அதற்குத்தான் அதிக சதவீதம். இவனை ஹேன்சனோடு கோத்துவிட்டு, நான் பட்டனையே தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக அடித்து வீழ்த்தினான், உடனே அலட்டினான், எழுந்து வந்தவர் லேரியட்டில் சாய்த்தார். எண்களைப் போட்டவன் நான், என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும். இருந்தும் 'டேய், பின்னாடி பார்றா' என்று வாய்விட்டுக் கத்தினேன்.

இது வேலை செய்வதற்குக் காரணம் சண்டையின் அடிப்படை விதிதான். இரண்டு பேரும் பிடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் சரியாக ஒரு முறை அழுத்த வேண்டும். பட்டனை உடைப்பதுபோல் குத்தினால் ஒன்றும் நடக்காது. எடுத்த எடுப்பில் பெரிய மூவுக்குப் போனால் எதிராளி அதைத் திருப்பி உங்கள் தலையில் கட்டிவிடுவார். சின்னப் பிடியில் ஆரம்பித்து, நடுத்தரத்துக்கு வந்து, கடைசியில்தான் வெயிட்டான ஐட்டம். நிஜ ரெஸ்லிங் மேட்ச் ஏறுகிற அதே ஏற்றம். 1989-ல் பிசி எஞ்சின் என்ற ஜப்பானிய கன்சோலில் தொடங்கியதிலிருந்து இந்தத் தொடரின் கோட்பாடே இதுதான். (இதே தொடரின் 1994-ல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்த பாகத்தில், கோய்ச்சி சுடா எழுதிய கதையில், நாயகன் சாம்பியன் ஆன பிறகு தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். பொம்மைச் சண்டை என்று யாரும் இளப்பமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

குறைகள் இல்லையா? ஏகப்பட்டது. நிஜ வீரர்களின் பெயரைப் போட உரிமம் கிடையாது, அதனால் எல்லாருக்கும் கோணல் பெயர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மெனுவைப் பார்த்தாலே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். முதல் கேம்பாய் அட்வான்ஸின் திரையில் விளக்கும் இல்லை, ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்தால்தான் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியும்.

ஆனாலும் அது கையடக்கக் கருவிக்கென்றே அளவெடுத்துத் தைத்த கேம். 2017 கடைசியில் ஸ்மாக்டவுன் தொடரின் வாரிசான டபிள்யூடபிள்யூஈ 2கே18-ஐ நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கன்சோலுக்குச் செய்ததை அப்படியே அமுக்கித் திணித்ததில், ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நகர்ந்தார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வியர்வைத் துளி பளபளக்க வேண்டும் என்று கருவியின் சக்தியை எல்லாம் அங்கே கொட்டினால் சண்டைக்கு என்ன மிஞ்சும்? 2025-ல் ஸ்விட்ச் 2-வுக்கு 2கே25 வந்திருக்கிறது, கருவியும் பலசாலி. சரி, சந்தோஷம். ஆனால் அதிலும் முதலில் நீட்டுவது முகத்தைத்தான்.

ஆர்வம் இருப்பவர்கள் பழைய கேட்ரிட்ஜைத் தேடி அலைய வேண்டாம். 2017-ல் கணினிக்கு வந்த ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்டு ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியிலும் ஓடும். உலகம் முழுக்க ரசிகர்கள் செய்து பகிர்ந்த வீரர்கள் அதன் ஒர்க்‌ஷாப்பில் கொட்டிக் கிடக்கிறார்கள். இறக்கியதும் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவரின் லாஜிக் பக்கத்தைத் திறந்து, சதவீதங்களை மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். ஸ்மாக்டவுன்தான் ஒசத்தி என்பவர்கள் அதற்கப்புறம் கமெண்டில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.