சாமி இல்லாத கோயிலும் கியர் இல்லாத காரும்

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். வேலூரைக் கிண்டலடிக்க இப்படி ஒரு பழைய வரிசை உண்டு. கடைசியாக உள்ளதை மட்டும் 1981-ல் சரிசெய்துவிட்டார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று அங்கே டியூப் லைட் எரிகிறது, மைக் செட் இருக்கிறது. யாருக்கும் உறுத்தவில்லை. உள்ளே சாமி இருக்கிறதே.

ஹோண்டா பிரிலூட் திரும்பி வந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். 1978-ல் வந்து 2001-ல் நின்றுபோன இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், 2025-ல் ஹைப்ரிட்டாக, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்ததாக, வந்திருக்கிறது. சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஹோண்டாவின் வேகக் காரான சிவிக் டைப் ஆரிலிருந்து எடுத்தவை. அதற்கு ஒரு கைதட்டல். ஆனால் கியர் பாக்ஸ் கிடையாது. அதற்குப் பதில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் எட்டு கியர் இருப்பதுபோல இன்ஜின் உறுமி, இறங்கி, மறுபடி ஏறும். வீடியோவை நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னாடா இது, இல்லாத கியருக்குச் சத்தமா?" என்றார்.

ஹைப்ரிட்டை நான் குறை சொல்லவில்லை. பெட்ரோல் விற்கும் விலைக்கு அது தேவைதான். மோட்டார் என்றால் மோட்டாராகவே ஓடட்டும், அதற்கு வேஷம் எதற்கு என்பதுதான் என் எரிச்சல்.

டொயோட்டா சுப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் 2019-ல் திரும்பி வந்தபோது பிஎம்டபிள்யூ இன்ஜின் என்று திட்டாத ஆள் இல்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வரிசையாக ஆறு சிலிண்டர், பின்சக்கர இழுவை, ரெண்டும் இருந்தன. மேனுவல் கியர்தான் இல்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கேட்டு, 2022-ல் அதையும் கொடுத்தார்கள். சண்டை போட்டால் கிடைக்கும் போல.

சரியாகச் செய்தது ஆல்பைன் ஏ110 என்பேன். 1977-ல் நின்ற பிரெஞ்சு கார் அது. அதன் பெருமையே எடை குறைவுதான். 2017-ல் மீண்டும் செய்தபோது அலுமினியத்தில் கட்டி, ஏசியெல்லாம் வைத்தும் எடையைச் சுமார் 1,100 கிலோவில் நிறுத்தினார்கள். பழைய கார் பிறந்த அதே தியெப் ஊர் ஆலையில்தான் புதியதும் தயாரானது. முகஜாடையை மட்டும் ஒட்டவைத்துவிட்டு ஒன்றரை டன்னுக்கு ஏற்றியிருந்தால் அது வேறு ஏதோ கார்.

(பக்கத்தில் பனப்பாக்கத்தில் 2024-ல் டாடா, ஜாகுவார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது, சிப்காட்டில் என்னோடு லேத் ஓட்டுகிறவன் ஜாகுவாரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நினைத்து, "ஈ-டைப் மறுபடி இங்க வருமா?" என்று ஆசையாகக் கேட்டான். ஜாகுவார் தன் புது ஸ்போர்ட்ஸ் காரான எஃப்-டைப்பையே நிறுத்திய வருஷம் அது. நான் வாயைத் திறக்கவில்லை.)

இவ்வளவு பேசுகிறேனே தவிர, எங்கள் வீட்டில் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, அதன் ஒன்றுவிட்ட அண்ணன். சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி இந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. எங்கள் வண்டியில் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். நைனா முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்து, சாவகாசமாக வேலை பார்ப்பார். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

ஆனால் பழசு எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஏலகிரி போயிருந்தோம். ஏறும்போது பதினாலு வளைவும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியது. இறங்கும்போது பாதி வழியில் கருகிய வாடை. நாலு டிரம் பிரேக்கும் சூடேறி, பெடல் அப்படியே உள்ளே போனது. நைனா ரெண்டாவது கியருக்கு இறக்கி, மலைப்பக்கம் மண்மேட்டில் உரசி நிறுத்தினார். அம்மா இறங்கி, "நான் பஸ்ஸிலயே வரேன்" என்று பையோடு நடக்க ஆரம்பித்தவர், அதற்கப்புறம் அந்தக் காரில் மலை ஏறவே இல்லை.

அதனால் பிரேக், சீட் பெல்ட், துருப்பிடிக்காத தகடு, வேலூர் வெயிலுக்குக் கொதிக்காத ரேடியேட்டர், இவற்றை மாற்றுகிறவன் காலில் விழுவேன். எடை, ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் ரோடு, கியர் கம்பி, இந்த மூன்றில் கைவைத்தால் பழைய பேரைப் போடாதே. புதுப் பேர் வைத்து விற்றுக்கொள்.

ஸ்பிட்ஃபயருக்கு முதல் வருஷத்திலிருந்தே முன்பக்கம் டிஸ்க் பிரேக். அதை ஹெரால்டுக்கு மாட்டலாம் என்று சொல்லி நைனாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன், ஆறு மாசம் ஆனது. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கழற்றும் டிரம்மைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது, பரணில் வைக்க வேண்டுமாம். அந்த டிஸ்க் செட் நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.