தூர் மண்ணிலேதான் இருக்கிறது

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம், காட்டை மூடும் வெளிநாட்டுக் களைச்செடிகளைத் தன்னார்வலர்கள் அகற்றும் ஒரே மாதிரியான படங்கள் முகநூலில் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒரு பேனர், அதைப் பிடித்துக்கொண்டு ஒரே நிறச் சட்டையில் ஐம்பது அறுபது பேர், அவர்களுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்துக்கு வெட்டிக் குவித்த உண்ணிச்செடியோ (லன்டானா) சீமைக் கருவேலமோ கிடக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட படங்களில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று ஆறு ஆண்டுகளாக ஒரே சிறு காட்டுத் துண்டுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், அந்தக் குவியலை வெற்றியாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று எடுத்த படத்தை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் முதல் ஆண்டும் அப்படித்தான் தொடங்கியது. ஒரு சரிவு முழுவதையும் மூடியிருந்த உண்ணிச்செடிப் புதரை நாற்பது பேர் சேர்ந்து ஒரே நாளில் அரிவாளால் தரையோடு வெட்டிச் சாய்த்தோம். மாலையில் வெட்டவெளியாகக் கிடந்த சரிவைப் பார்க்க எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு மழை பெய்ததும், வெட்டிய தூர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்கள் கிளம்பின. அதுவரை அந்தச் சரிவில் தலைகாட்டாத பார்த்தீனியம், வெயில் விழும் வெற்று மண் கிடைத்ததும் பாய் விரித்ததுபோல் முளைத்துவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கக்கூடியது அது. வெறுங்கையால் தொட்டுப் பழகினால் தோலில் அரிப்பு கண்டுவிடும். ஒரு களையை அகற்றப் போய் இரண்டு களைகளுக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம் என்பதே உண்மை.

உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டுவது அதற்குக் கவாத்து செய்வதற்குச் சமம். தண்டும் வேரும் கூடும் இடத்தில்தான் அதன் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டு விழுந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் சி.ஆர்.பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இதைக் கணக்கில் கொண்டது. மண்மட்டத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைக் குறுக்கே வெட்டி, தூரோடு பெயர்த்தெடுத்து, வேர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி புதரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மண்ணைப் பெரிதாகக் கிளற வேண்டியதில்லை, மருந்து அடிக்கவும் வேண்டியதில்லை. கடப்பாரையை எந்தச் சாய்வில் இறக்கினால் அந்த வேர் ஒரே நெம்பலில் கழலும் என்பது கைக்குப் பிடிபட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. சரியாக அறுந்தால் நனைந்த கயிறு அறுவதுபோல ஒரு மந்தமான ஓசை கேட்கும். அந்த ஓசை வராவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் முதல் ஆண்டில் தவறியிருந்தோம். புதர் எங்கே மிகுதியாக அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் எல்லோருக்கும் கை பரபரக்கும். 1960களில் சிட்னி நகரத்துக் காட்டுத் துண்டுகளில் களையெடுத்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். மண்ணின் செடிகள் நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, கெட்டுப்போன இடத்தை நோக்கி மெல்ல நகர வேண்டும். மண்ணையும் சருகையும் முடிந்தவரை கலைக்கக் கூடாது. அகற்றிய இடத்தைச் சொந்தச் செடிகள் எந்த வேகத்தில் நிரப்புகின்றனவோ அந்த வேகத்துக்கு மேல் நாம் போகக் கூடாது. இந்த மூன்றும்தான் அவர்களுடைய முறையின் சாரம். ஆஸ்திரேலியாவில் பின்னாளில் பெருகிய காடு மீட்புத் தன்னார்வப் பணிக்கு வழிகாட்டியாக அமைந்த முறை இது. கேட்கும்போது எளிதாகத் தெரியும். ஆனால், கைக்கெட்டும் தொலைவில் ஓர் அடர்ந்த புதர் நிற்க, அதை விட்டுவிட்டு ஆங்காங்கே தலைநீட்டும் நான்கு கன்றுகளைத் தேடிப் பிடுங்குவதற்கு நாற்பது பேரைச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் நாற்பது பேர் ஒன்பதாகக் குறைந்தது அந்த முடிவை எடுத்த பிறகுதான்.

குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். காரணம் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் புதிதாக வந்த ஒரு குழுவினர் மிகுந்த உற்சாகத்துடன், உண்ணிச்செடி என்று நினைத்து, ஒரு மேட்டில் இருந்த, முன்னை என்ற நம் மண்ணின் செடியின் கன்றுகளைக் கூண்டோடு பிடுங்கிவிட்டார்கள். தவறு அவர்களுடையது அன்று. காட்டிக் கொடுக்காத எங்களுடையது. இரண்டுக்கும் இலைகள் எதிரெதிராக இருக்கும், கசக்கினால் இரண்டுமே மணக்கும். உண்ணிச்செடியின் இலையோ அரம்போல் சொரசொரக்கும், விளிம்பில் நெருக்கமான பற்கள் இருக்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு மூலைகள் தட்டுப்படும், வளைந்த சிறு முட்களும் பெரும்பாலும் குத்தும். இப்போது யார் புதிதாக வந்தாலும் முதல் அரைமணி நேரம் கையில் கருவி கிடையாது. இலையைத் தடவிப் பார்ப்பதும் தண்டை உருட்டிப் பார்ப்பதும்தான் வேலை. நாற்பது பேருக்கு இதை ஒருவர் சொல்லிக்கொடுக்க முடியாது.

நீரில் நிலைமை இன்னும் மோசம். ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் வெங்காயத்தாமரை, சூழல் வாய்த்தால், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதைகள் அடிச்சேற்றில் இருபது ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். இழுத்துக் கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், நீர்மட்டம் ஏறும்போது அது திரும்பவும் மிதந்து உள்ளே போய்விடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தப் பணியைச் சுற்றி வளர்ந்துவரும் ஒரு பேச்சும் எனக்கு உறுத்துகிறது. 'அந்நியச் செடிகளை விரட்டுவோம்' என்ற முழக்கத்தில் ஒருவித வெறி தொனிக்கிறது. மிளகாயும் தக்காளியும்கூடக் கடல் கடந்து வந்தவைதாம். பல்லுயிரியம் குறித்த பன்னாட்டு அறிவியல் மேடையான ஐ.பி.பி.இ.எஸ். 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வேற்றிடங்களிலிருந்து வந்து நிலைபெற்ற தாவரங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் ஆக்கிரமிப்பு இனங்களாக மாறியிருக்கின்றன. ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பது நம் கவலை அன்று. வந்த இடத்தில் மற்றவற்றை முளைக்க விடுகிறதா என்பதே கேள்வி. அதே அறிக்கை, உலகில் பதிவான உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் ஆக்கிரமிப்பு இனங்களுக்குத் தனியாகவோ பிற காரணங்களோடு சேர்ந்தோ பங்கு உண்டு என்றும் சொல்கிறது. ஆகவே முழக்கம் வேண்டாம் என்பதால் வேலையும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

சீமைக் கருவேலத்தை அகற்றப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த விறகை நம்பி யார் வாழ்கிறார்கள்? கரிமூட்டம் போடுகிறவர்களிடமும் சுள்ளி பொறுக்குகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், விடுமுறை நாளில் வந்து வெட்டிவிட்டுப் போவதைத் தொண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏக்கர் ஏக்கராகப் பரவிய காட்டை ஒழிப்பது முறையாகக் கூலி பெறும் பணியாளர்களும் அரசும் செய்ய வேண்டிய வேலை. தன்னார்வலர் அதற்கு மாற்று அல்லர், இலவசக் கூலியாளாகவும் ஆகக் கூடாது. பணியாளர் அகற்றிவிட்டுப் போன இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிப்பதும், புதிதாக ஒரு செடி நுழையும்போது அது பத்தாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதும்தான் நமக்குப் பொருத்தமான இடம். ஒப்பந்தக்காரர் யாரும் அந்த வேலைக்கு வரமாட்டார்.

அப்படிக் கண்காணிப்பதற்குக் கூரிய கருவிகள்கூட வேண்டியதில்லை. உரிய அனுமதியும், கையுறையும், ஒரு களைக்கொத்தும், போகும்போதும் வரும்போதும் செருப்படியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடும் பழக்கமும் போதும். நம் காலிலேயே விதை ஊர் மாறும். உண்ணிப் பழத்தைத் தின்ற பறவைகள் எந்த மரத்தில் வந்து அமர்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால், மழைக்குப் பின் அந்த மரத்தடிக்கு நேராகப் போய்விடலாம். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் நாங்கள் பெரிய புதர்களைத் தொடுவதே இல்லை; முள்ளுக்குள் கூடு இருப்பதைக் கவிழ்த்த பிறகு பார்த்துப் பயனில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் போனோம். முதல் ஆண்டில் நாங்கள் கெடுத்த அதே சரிவில் இரண்டு மணி நேரம் குனிந்து தேடியதில் பதினொரு உண்ணிக் கன்றுகள் அகப்பட்டன; எல்லாம் சேர்ந்து ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன. முதன்முறையாக வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணா, இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பிறகு மேட்டுக்கு அழைத்துப் போய், நாங்கள் யாரும் நடாமல் தானாக வந்து இப்போது முழங்கால் உயரத்துக்கு நிற்கும் முன்னைக் கன்றுகளைக் காட்டினேன். அவர் அவற்றைப் படம் எடுக்கவில்லை. குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார்.