சார்லட்டின் பின்பக்க அறை

ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் கதாநாயகன் டார்சி வந்துவிடுகிறார். அதிலும் 1995 பிபிசி தொடரைப் பார்த்தவர்கள் என்றால், குளத்தில் குதித்து எழுந்து ஈரச் சட்டையோடு நடந்து வருவாரே, அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். (நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. பக்கம் பக்கமாகத் தேடி ஏமாந்தவள் சொல்கிறேன்.) இந்தப் பதிவில் டார்சிக்கு வேலை இல்லை. எனக்குச் சார்லட் லூகஸைப் பற்றிப் பேச வேண்டும்.

சார்லட், கதாநாயகி எலிசபெத்தின் உயிர்த்தோழி. வயது 27. அழகி என்று யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு 'சர்' பட்டம் உண்டு, பெண்ணுக்குக் கொடுக்கப் பெரிதாகப் பணம் இல்லை. எலிசபெத்தின் அப்பாவுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரும் எஸ்டேட் இருக்கிறது. ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசுக்கே சேரும் என்று எழுதிவைத்த சொத்து என்பதால் அவர் கண்ணை மூடியதும் அது தூரத்து உறவுக்காரரான பாதிரியார் காலின்ஸுக்குப் போய்விடும். அந்தக் காலின்ஸ் அதே வீட்டில் பெண் எடுக்க வருகிறார். வாயைத் திறந்தால் தனக்கு வேலை போட்டுக்கொடுத்த கேத்தரின் சீமாட்டியின் பெருமைதான். அந்த அம்மா வீட்டு ஹாலில் கணப்பு மேடைக்கு மட்டும் 800 பவுண்டு ஆனதாம்!

எலிசபெத் முடியாது என்கிறாள். மூன்று நாளுக்குள் அதே மனிதர் சார்லட்டிடம் கேட்கிறார். சரி, கேட்கிறார் என்பது பாதிதான் உண்மை. மாடி ஜன்னலில் நின்று அவர் வருவதைப் பார்த்த சார்லட், உடனே கீழே இறங்கிப் போய், சந்தில் 'தற்செயலாக' எதிர்ப்படுகிறாள். செய்தி தெரிந்ததும் அவள் வீட்டில் நடப்பதை ஆஸ்டின் ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறார். அக்கா கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற கவலை தம்பிகளுக்குத் தீர்ந்தது. தங்கைகளுக்கு ஓரிரு வருஷம் முன்னாலேயே விருந்துகளுக்குப் போகலாம். அம்மாவோ, எலிசபெத்தின் அப்பா இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்.

கல்லூரியில் படித்தபோது எனக்குச் சார்லட்டைப் பார்த்தாலே எரிச்சல். தன்னை விற்றுவிட்டாள் என்று பரீட்சைப் பேப்பரில் எழுதி மார்க்கும் வாங்கினேன். எலிசபெத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தாள். எனக்கு அப்போது வயது 19, அவளுக்கு 20. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

போன மாதம் திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சார்லட் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் இந்த நாவலில் பலிக்கிறது. எலிசபெத்தின் அக்கா ஜேன் தன் மனதை இப்படி மூடி வைத்தால், அவளை விரும்பும் டார்சியின் நண்பன் பிங்லி கைவிட்டுப் போய்விடுவான், கொஞ்சம் வெளியே காட்டட்டும் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்கிறாள். எலிசபெத் சிரிக்கிறாள். பிற்பாடு ஜேனுக்குப் பெரிதாக ஆசை இருந்ததாகத் தெரியவில்லை என்ற காரணத்தையும் சொல்லித்தான் பிங்லியைப் பிரித்தேன் என்று டார்சியே கடிதம் எழுதுகிறார்! கல்யாணத்தில் சந்தோஷம் என்பது அதிர்ஷ்டம் என்றும் சார்லட் சொல்கிறாள். எலிசபெத்தின் அப்பா அம்மாவைப் பாருங்கள். அழகில் மயங்கிக் கட்டிக்கொண்டவர் அந்த அப்பா. இருபது வருஷம் கழித்து மனைவியைக் கேலி செய்வதைத் தவிர அந்த வீட்டில் அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, புத்தக அறையைத் தவிர. எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவின் காதலைக் கல்யாணத்தில் முடித்துவைக்க, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிய விக்கமின் கடனுக்கே ஆயிரம் பவுண்டுக்கு மேல் டார்சி அழ வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எலிசபெத் மேல் வழக்கு. அந்த விக்கம் முதலில் அவளையே சுற்றிக்கொண்டிருந்தவன். மிஸ் கிங் என்ற பெண்ணுக்குப் 10,000 பவுண்டு வந்ததும் அங்கே தாவிவிடுகிறான். எலிசபெத் அவனைக் கோபிப்பதில்லை, அழகான வாலிபர்களும் சாப்பிட வேண்டுமே என்கிறாள். சார்லட் சாப்பிட வேண்டாமா? இந்த ஓரவஞ்சனையை ஆஸ்டின் கவனிக்காமல் இல்லை. இவன் விஷயத்தில் அவளுடைய பார்வை அத்தனை தெளிவாக இல்லை போலும் என்று போகிற போக்கில் ஒரு குத்து வைத்துவிட்டுத்தான் நகர்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எலிசபெத் காலின்ஸ் பாதிரியாராக இருக்கும் ஹன்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சார்லட்டின் குடித்தனத்தைப் பார்ப்பது. பெண்கள் உட்காரும் அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. முன்னால் சாப்பாட்டு அறை இதைவிடப் பெரியது, வெளிச்சமும் காட்சியும் உள்ளது. அதை ஏன் விட்டாள் என்று எலிசபெத்துக்கு முதலில் புரிவதில்லை. காலின்ஸின் அறை தெருவைப் பார்த்தது. கேத்தரின் சீமாட்டியின் மகள் வண்டியில் போனால் ஓடிவந்து சொல்ல அவருக்கு வசதி. பெண்களும் அதே மாதிரி அறையில் இருந்தால் அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார். பின்னால் இருந்தால் வரமாட்டார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்பி வைப்பதும் உண்டு. அதையும் முகத்தில் ஒரு சலனமில்லாமல் சொல்கிறாள்! ஒரு மனிதரோடு ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் எந்த அறையில் நாற்காலியைப் போட வேண்டும் என்று யோசித்த பெண் அவள். டார்சியின் பெம்பர்லி மாளிகையின் அத்தனை ஜன்னல்களையும் இந்த ஒரு பின்பக்க அறைக்கு நான் கொடுத்துவிடுவேன்.

ஆஸ்டினுக்கும் ஒரு வரன் வந்தது. 1802 டிசம்பர், அவருக்கு 27 நிறைய இரண்டே வாரம். மேனிடவுன் பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் கேட்கிறார், ஆஸ்டின் மாலையில் சரி என்கிறார், விடிந்ததும் முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிடுகிறார். நாவலின் முதல் வடிவத்தை 1797லேயே எழுதி முடித்துவிட்டார், அதனால் அந்த இரவில்தான் சார்லட் பிறந்தாள் என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் முடியாது என்று சொன்ன எலிசபெத்துக்குப் பிற்பாடு ஒரு டார்சி வந்தார். ஆஸ்டினுக்கு யாரும் வரவில்லை. 1805இல் அப்பா போனார். அம்மாவும் இரண்டு பெண்களும் அண்ணன் தம்பிகள் கொடுப்பதை நம்பி இடம் மாறி இடம் மாறி, 1809இல்தான் அண்ணன் எட்வர்ட் கொடுத்த சாட்டன் வீட்டுக்கு வந்தார்கள். இந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். 150 கேட்டிருந்தார். 1813இல் புத்தகம் வந்தபோது அட்டையில் பெயர்கூட இல்லை.

அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதங்களில் அன்பில்லாத கல்யாணத்தைவிட எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று 1814இல் சொல்கிறார். கல்யாணமாகாத பெண்களுக்கு ஏழையாகிவிடும் மோசமான பழக்கம் இருக்கிறது, அதனாலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று 1817இல் சொல்கிறார். இரண்டுமே அவர்தான். சாவதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதியது இரண்டாவது.

சார்லட் சந்தோஷமாக இருந்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. கணவர் உளறும்போது ஒன்றிரண்டு தடவை அவள் முகம் லேசாகச் சிவந்ததை எலிசபெத் பார்க்கிறாள். மற்ற நேரங்களில் காதிலேயே விழாத மாதிரி இருந்துவிடுகிறாள். கடைசி அத்தியாயங்களில் குழந்தை வரப்போகிற சேதியும் காலின்ஸின் கடிதம் வழியாகத்தான் வருகிறது, அவள் வாயால் இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, ஐயோ பாவம், இவளை இந்த மனிதரோடு விட்டுவிட்டுப் போகிறோமே என்று எலிசபெத்துக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளிகள் போவதில் சார்லட்டுக்கும் வருத்தம்தான். ஆனால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வீடு இருந்தது, ஊர் இருந்தது, கொல்லையில் கோழிகள் இருந்தன.